தீர்த்தன் பள்ளத்தாக்கு: திட்டமிட்டதும் நடந்ததும்

நம் பங்குகளில் நடைப்பயணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நினைவுக்கு வருவது வேளாங்கண்ணி. ஆகஸ்டுத் திங்களின் பிற்பகுதியில் காவி உடுத்தி, கழுத்தில் செபமாலை அணிந்து, கூட்டங்கூட்டமாக நடந்து செல்வோரை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். எங்கள் குழுவின் மூத்தவரும் சென்னையிலிருந்து இருமுறை அவ்வாறு நடந்து சென்றவரே. ஆகவே, இமயமலைச் சாரலில் ஒரு வாரம் நடந்துவர வேண்டும் என்ற எண்ணம் எங்களுள் எழுந்தபோது, "பத்து நாட்களுக்குமேல் நடந்த கால்கள் இவை; ஏழு நாட்கள் என்ன செய்துவிடும்?" என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். எங்கள் திட்டத்தில் நேர்ந்த பிழைகளுள் முதலாவது அந்தச் சிரிப்புத்தான் என்பது பின்னரே விளங்கிற்று. வேளாங்கண்ணிச் சாலையில் கால் கொப்புளித்தால் அமர்வதற்குத் திண்ணை உண்டு. பசித்தால் அன்னதானப் பந்தல் உண்டு. இயலாவிட்டால் கைகாட்டி ஏறிக்கொள்ளப் பேருந்து உண்டு. மலைக்காட்டில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கே இயலாமல் போனவர், தாம் ஏறிய தொலைவு முழுவதையும் தம் கால்களாலேயே இறங்கியாக வேண்டும்.

நாங்கள் ஐவர். மூத்தவர் 61 வயதினர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். உறவுமுறை உள்ளவரும் இல்லாதவரும் அவரை மாமா என்றே அழைப்போம். இளையவன் அவருடைய தங்கை மகன். கல்லூரியில் இரண்டாமாண்டு பயில்பவன். பங்கின் கால்பந்துக் குழுவில் முன்னணி ஆட்டக்காரன். எஞ்சிய மூவரும் அலுவலக நாற்காலியில் அமர்ந்து வளர்த்த வயிற்றைத் தவிர வேறு தகுதி இல்லாத நடுத்தர வயதினர். அம்மூவருள் ஒருவர் சில ஆண்டுகள் டெல்லியில் வேலை பார்த்தவராதலால் இந்தி அறிவார். அதுவும் ஒரு தகுதியே என்று கொண்டோம்.

நாங்கள் தேர்ந்த இடம் இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்திலுள்ள பேரிமயத் தேசியப் பூங்கா. அரசுப் பதிவுகளில் கிரேட் ஹிமாலயன் நேஷனல் பார்க் என்பது அதன் பெயர். பூங்கா என்றவுடன் பூச்செடிகளையும் ஊஞ்சலையும் எண்ணிவிடலாகாது. 754 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடும், புல்வெளியும், பனிமலையும் அது. அடிவாரத்தில் இரண்டாயிரம் மீட்டருக்கும் குறைவான உயரத்தில் தொடங்கி, உச்சியில் ஏறத்தாழ ஆறாயிரம் மீட்டரை எட்டுகிறது. தீர்த்தன், சைஞ்ச், ஜீவா முதலிய ஆறுகள் அங்கே பிறந்து, லார்ஜி என்னும் இடத்தருகே பியாஸ் ஆற்றில் கலக்கின்றன. பூங்காவினுள் மோட்டார் வண்டிக்குச் சாலை இல்லை, கடை இல்லை, விடுதி இல்லை. 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மணாலிக்குச் செல்லும் பெருங்கூட்டத்தில் மிகச் சிலரே இந்தப் பக்கம் திரும்புகின்றனர். எங்களை ஈர்த்ததும் அதுவே.

2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாமாவின் வீட்டு உணவு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தோம். தீர்த்தன் பள்ளத்தாக்கிலுள்ள குஷைனி என்ற ஊரில் புறப்பட்டு, ரோல்லா, ஷில்ட் என்ற இடங்களைக் கடந்து, ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்திலுள்ள தேலா என்னும் புல்வெளியின் வழியாக மறுபக்கம் சைஞ்ச் பள்ளத்தாக்கில் இறங்குவது என்பது எங்கள் முதல் திட்டம். ஒரு வழியாக ஏறி, வேறு வழியாக இறங்குவதில் ஒரு நிறைவு இருப்பதாகத் தோன்றியது. மாமா தம் பழைய பழக்கப்படி, கோடிட்ட குறிப்பேட்டில் கால அட்டவணை ஒன்றை எழுதினார். பள்ளிக்கூடத்தின் பாடவேளை அட்டவணையைப் போலவே அது அழகாக இருந்தது. காலை 7 முதல் 12 வரை இது, 1 முதல் 4 வரை இது என்று ஒரு மணி நேரம்கூட வீணாகாமல் நிரப்பியிருந்தார்.

அவ்வட்டவணை கிலோமீட்டரைக் கணக்கிட்டு எழுதப்பட்டது. மலையில் கிலோமீட்டர் ஒரு பொய்க்கணக்கு. வரைபடத்தில் மெல்லிய பழுப்பு நிறக் கோடுகள் வளைந்து வளைந்து செல்வதை நாங்கள் அலங்காரம்போல் பார்த்திருந்தோம். அவை சமவுயரக் கோடுகள். ஒரு கோட்டின்மீது உள்ள இடமெல்லாம் ஒரே உயரம். கோடுகள் அகன்றிருந்தால் சரிவு மெல்லியது. விரல் நுழையாதபடி நெருங்கியிருந்தால் சுவர்போல் எழும் ஏற்றம். குஷைனியிலிருந்து ரோல்லாவுக்கு ஒன்பது பத்துக் கிலோமீட்டர். ஏறும் உயரமோ ஏறத்தாழ 500 மீட்டர்தான். ரோல்லாவிலிருந்து ஷில்ட்டுக்கு அதைவிடக் குறைந்த தொலைவு. ஆனால் ஏறும் உயரம் 1,000 மீட்டர். மாமாவின் அட்டவணையில் அந்த நாளுக்கு எதிரே, 'அரைநாள் நடை. பிற்பகல் ஓய்வு' என்று எழுதப்பட்டிருந்தது.

அந்த வரியை முதலில் அடித்தவர் மலையறிந்த ஒருவர் அல்லர். எங்கள் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர். மாமாவுக்கு இரத்த அழுத்தம் உண்டு. மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது. செல்லலாமா என்று கேட்கப் போனோம். அவர் இரத்த அழுத்தத்தைப் பற்றிச் சிறிதே பேசிவிட்டு, உயரத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேலே செல்லச்செல்லக் காற்றின் அழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. உடல் அதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் தன் வேகத்தில்தான் பழகும். தலைவலி, குமட்டல், உணவில் வெறுப்பு, தூக்கமின்மை, காரணமற்ற சோர்வு ஆகியவை அது பழகவில்லை என்பதற்கு அறிகுறிகள். அவ்வறிகுறிகளோடு மேலும் ஏறினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மூவாயிரம் மீட்டருக்கு மேலே சென்றபின், ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் மறு இரவு தூங்கும் இடத்துக்கும் இடையே உயர வேறுபாடு 500 மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும்; மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். "இதில் வயது பார்க்காதீர்கள். ஓடியாடும் இளைஞனுக்கும் வரும். வேகமாக ஏறுகிறவனுக்கு இன்னும் எளிதாக வரும். வந்தால் கீழே இறக்குங்கள். மாத்திரை போட்டுக்கொண்டு ஏறாதீர்கள்" என்றார். நாங்கள் ஐவரும் தலையசைத்தோம். அசைத்துவிட்டு, மாமாவைப் பார்த்தோம். மருத்துவர் சொன்னது ஐவருக்கும் என்பதை மறந்து, அவர் ஒருவருக்கே என்று எடுத்துக்கொண்டோம்.

முதலில் 2023 செப்டம்பர் இறுதி என்று நாள் குறித்தோம். அப்பூங்காவில் நடக்கத் தகுந்த பருவங்கள் இரண்டே: ஏப்ரல் நடுவிலிருந்து சூன் வரை ஒன்று, செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் வரை மற்றொன்று. இடையில் மழை, பின்னர் பனி. அவ்வாண்டு சூலை 9, 10 நாட்களில் குல்லு மாவட்டத்தில் பெய்த பேய்மழையில் பியாஸ் பெருகி ஊர்களுக்குள் பாய்ந்ததையும், சைஞ்ச் கடைவீதியில் கட்டடங்கள் ஆற்றோடு போனதையும் தொலைக்காட்சியில் கண்டோம். நாங்கள் இறங்கி வந்து தேநீர் அருந்துவதாக எழுதி வைத்திருந்த கடைவீதி அது. குறிப்பேட்டில் ஒரு வரியாக இருந்த ஊரில் மக்கள் வீடிழந்து நின்ற காட்சியைக் கண்டபின், எங்கள் அட்டவணையைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது. சில மாதங்கள் அப்பேச்சை எவரும் எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்ததும் மாமாவே மீண்டும் குறிப்பேட்டைத் திறந்தார். 2024 மே திங்கள் என முடிவாயிற்று. இம்முறை திட்டம் சுருங்கியது. மலையைக் கடந்து மறுபக்கம் இறங்கும் வழி கைவிடப்பட்டது; ஏனெனில் பாதி வழியில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால், முன்னே செல்வதும் பின்னே திரும்புவதும் சம தொலைவாகிவிடும். ஏறிய வழியிலேயே இறங்குவது எனக் கொண்டோம். குஷைனியில் ஓர் இரவு, 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ரோல்லாவில் இரண்டு இரவுகள், 3,100 மீட்டர் உயரத்திலுள்ள ஷில்ட்டில் மூன்று இரவுகள்; ஷில்ட்டிலிருந்து ஒரு பகற்பொழுதில் ரகுண்டி என்ற மேட்டுக்கு ஏறி, அன்றே ஷில்ட்டுக்குத் திரும்புதல்; பின் இறக்கம். ஒரு நாள் கையிருப்பு. அந்தக் கையிருப்பு நாளைக் குறைத்தால் திரும்பும் இரயிலில் நல்ல இருக்கை கிடைக்கும் என்று எங்களுள் ஒருவர் வாதிட்டார். அது எவர் என்று எழுதாமல் விடுகிறோம்.

ஆயத்தம் பரங்கிமலையில் தொடங்கியது. அர்மேனிய வணிகர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த படிகளில், சனிக்கிழமை விடியலில், முதுகில் அரிசிப் பையைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கினோம். மலையின் உயரம் ஏறத்தாழ 300 அடி. ரோல்லாவிலிருந்து ஷில்ட்டுக்கு ஏறுவதென்பது பத்துப் பரங்கிமலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நாளில் ஏறுவதற்குச் சமம் என்று மாமா கணக்கிட்டுச் சொன்னார். அவர் நாள்தோறும் சீராக ஏறினார். இடையில் நிற்கவும் இல்லை, விரையவும் இல்லை. மருமகன் படிகளில் ஓடினான்; நாங்கள் மூன்றாவது சுற்றில் மூச்சிரைக்கும்போது அவன் ஆறாவது சுற்றை முடித்திருப்பான். புதிய காலணிகளை அங்கேயே பழக்கினோம். கடையில் வாங்கிய காலணியைக் காட்டிலே முதன்முறை அணிபவர் இரண்டாம் நாளே கொப்புளத்தோடு அமர நேரிடும் என்பதை வேளாங்கண்ணி நடந்த மாமாவுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

உணவுப் பொறுப்பை எங்கள் வீட்டுப் பெண்மணிகள் எடுத்துக்கொண்டனர். எங்கள் திட்டத்திலேயே பிழையற்ற பகுதி அதுதான். உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு பாகை வீதம் குறையுமாதலால், ஷில்ட்டில் 90 பாகை அளவிலேயே நீர் தளதளவென்று கொதிக்கும். கொதிக்கிறதே என்று பருப்பைப் போட்டால் மணிக்கணக்கில் வேகாது. திறந்த பானையில் அரிசியும் நடுவில் நறுக்கென்றே நிற்கும். ஆகவே ஒரு சிறு குக்கர் தேவை. இல்லையேல் எளிதில் வேகும் பண்டங்கள் தேவை. வறுத்த இரவை, அவல், சத்துமாவு, பொரிகடலை உருண்டை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி என்று வேளைவாரியாகப் பொட்டலம் கட்டி, ஒவ்வொன்றின்மீதும் நாளையும் நேரத்தையும் எழுதித் தந்தனர். அவல் மட்டும் இருந்தால் இமயத்தையே சுற்றி வரலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பூங்காவில் விறகு வெட்டித் தீ மூட்டலாகாது. எரிவாயு உருளையை இரயிலிலும் விமானத்திலும் எடுத்துச் செல்லத் தடை உண்டு. எனவே அடுப்பையும் எரிபொருளையும் அங்கேயே ஏற்பாடு செய்தோம்.

உடைகளில் ஒரு பாடம் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற பருத்தி, குளிர்ந்த மலையில் பகையாகிறது. வியர்வையில் நனைந்தால் உலராமல் உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளியும், எளிதில் உலரும் செயற்கை இழை ஆடைகளும், மழைக்கு மேலங்கியும் கொண்டோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு பாகை அளவுக்குக் குளிர் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

குஷைனியைத் தாண்டினால் கைப்பேசிக்கு அலைத்தொடர்பு கிடைப்பதை நம்ப முடியாது. வெளிநாட்டில் வாழும் உறவினர் ஒருவர், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவி ஒன்றை அனுப்பி வைப்பதாக அன்போடு முன்வந்தார். நம் நாட்டில் அரசின் இசைவின்றி அத்தகைய கருவியை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விவரம் அறியாது அதைக் கொண்டுவந்து விமான நிலையத்திலேயே கைதானோரும் உண்டு. நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். மாற்றாக, எந்த நாளில் எங்கே இருப்போம், எந்த நாள் மாலைக்குள் திரும்பாவிட்டால் ஆள் அனுப்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, ஒரு படியைக் குஷைனியில் நாங்கள் தங்கிய வீட்டிலும் மற்றொன்றைச் சென்னையிலும் வைத்தோம்.

தமிழ்நாடு விரைவு இரயிலில் இரண்டு இரவுகள். டெல்லியில் ஞாயிறு திருப்பலி. அன்று மாலையே மணாலிப் பேருந்து. விடியற்காலையில் அவுட் என்ற இடத்தில் நீண்ட சுரங்கப்பாதையருகே இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைனி. வழியில் சாய்ரோப்பா என்ற இடத்திலுள்ள வன அலுவலகத்தில் அடையாள அட்டைகளைக் காட்டி, கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெற்றோம். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் இங்கே குறிக்கவில்லை.

வழிகாட்டியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். தீர்த்தன் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். உள்ளூர் மக்களின் கூட்டுறவு அமைப்பொன்றின் வழியாக எங்களுக்கு அவர் வாய்த்தார். சுமை தூக்கும் இளைஞர் மூவரும் அவருடைய ஊரினரே. முதல் வேலையாகத் தராசைத் தொங்கவிட்டு எங்கள் மூட்டைகளை நிறுத்தார். சுமைக்காரரின் தோளுக்குரிய அளவை மீறியதையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார். இரண்டு கிலோ முறுக்கு அங்கேயே தங்கிவிட்டது. பின்பு, சுமை தூக்குவோர் உறங்கக் கூடாரமும் கம்பளியும் போதிய அளவு உள்ளனவா என்று சரிபார்த்தார். எங்கள் குறிப்பேட்டில் அந்த வரி இல்லை. ஐவர் ஆறு மாதங்கள் திட்டமிட்டும், எங்கள் சுமையைத் தூக்குகிறவர் இரவில் எங்கே படுப்பார் என்று எண்ணிப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம்.

தீர்த்தன் ஆற்றின் ஓரமாகவே பாதை சென்றது. ஊர்களும் தோட்டங்களும் கடந்து பூங்காவின் வாயிலை அடைந்தபோது, அவர் நின்று, "இந்த வாயிலுக்கு உள்ளே என் தந்தையார் ஆடு மேய்த்தார்" என்றார். கோடையில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேலே உள்ள புல்வெளிகளுக்குச் செல்வார்களாம். தாச் என்பது அப்புல்வெளிக்கு அவர்கள் வழங்கும் பெயர். பெண்கள் வசந்தத்தில் குச்சி என்னும் காளானும், பின்னர் மருந்து வேர்களும் எடுத்துவந்து விற்பர். அதுவே வீட்டின் ரொக்கப் பணம். 1999-ஆம் ஆண்டு பூங்காவின் இறுதி அறிவிக்கை வந்தபோது அந்த உரிமைகள் முடிவுக்கு வந்தன. ஆங்கிலேயர் காலத்தில், 1886-இல் எழுதப்பட்ட வனத் தீர்வைப் பதிவேட்டில் உரிமை பெற்றிருந்த குடும்பங்களின் வழியினருக்கு இழப்பீடு வழங்கினர். பதிவேட்டில் பெயரில்லாமல், பழக்கத்தால் மட்டும் காட்டை நம்பியிருந்தோர்க்கு அது கிட்டவில்லை. அதே ஆண்டில் நீர்மின் திட்டத்துக்காக ஜீவா பள்ளத்தாக்கின் ஒரு பகுதியைப் பூங்காவிலிருந்து விலக்கி வைத்தனர் என்பதையும் அவர் சொன்னார். குரலில் கசப்பு இல்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். பூங்காவைச் சுற்றியுள்ள ஏறத்தாழ 160 சிற்றூர்களில், பெண்கள் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் சேமித்துக் குழுக்கள் அமைத்ததையும், மண்புழு உரம் தயாரித்து விற்றதையும், ஆடு மேய்த்தவர்களின் பிள்ளைகள் வழிகாட்டிகளானதையும் பின்னர் கேட்டறிந்தோம். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் நாங்கள் சீட்டுப் பெற்று நுழைந்த வாயிலில் அவரும் எங்களுக்குத் துணையாளாகவே நுழைய நேர்ந்ததை எண்ணி, சற்றுத் தூரம் பேசாமல் நடந்தோம்.

ரோல்லாவில் இரண்டு இரவுகள் திட்டப்படியே கழிந்தன. ஆற்றோசை, தேவதாரு மரங்கள், பாறையில் காய்ந்த காலுறைகள். மூன்றாம் நாள் ஏற்றம் தொடங்கிற்று. ஏறத்தாழ முழு நாளும் ஏறினோம். மாமா தம் பரங்கிமலை நடையிலேயே, வழிகாட்டியின் பின்னால், சொல்லின்றி ஏறினார். மருமகன் முன்னே ஓடி ஓடி நின்று, எங்களைப் படமெடுத்தான். மேலே செல்லச்செல்ல ரோடோடெண்ட்ரான் மரங்கள் சில இன்னும் பூத்திருந்தன; நீலகிரியிலும் கோடைக்கானலிலும் நாம் காண்கிற செந்நிறப் பூமரத்தின் இனமே அது. இத்துணைத் தொலைவில் ஊர்க்காரரைக் கண்டதுபோல் மகிழ்ந்தோம். எதிர்ச்சரிவில் வழிகாட்டி சுட்டிக்காட்டிய இமயத் தார் ஆடுகளும் நம் வரையாட்டுக்கு ஒருவகையில் தூரத்து உறவினரே. மாலை நான்கு மணிக்கு ஷில்ட் குடிலை அடைந்தோம்.

மாமா அங்கே வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஜுஜுரானா என்று அம்மக்கள் அழைக்கும் பறவை அக்காட்டில் வாழ்கிறது. மேற்கத்திய டிராகோபான் என்பது அதன் பொதுப்பெயர், இமாசலத்தின் மாநிலப் பறவை, அருகிவரும் இனம். பறவைகளின் அரசன் என்பது ஜுஜுரானா என்ற சொல்லின் பொருள். படைத்தவன் உலகத்துப் பறவைகள் எல்லாவற்றினின்றும் ஒவ்வோர் இறகு பெற்று அதனை உருவாக்கினான் என்று ஊரில் கதை சொல்வர். மே திங்களின் விடியற்பொழுதில் ஆண்பறவை கூவும். மாமா தம் மாணவர்களுக்கு அதன் படத்தைக் காட்டியிருக்கிறாராம். ஒருமுறையேனும் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஷில்ட்டில் மூன்று இரவுகள் என்று குறிப்பேட்டில் எழுதியதன் உள்நோக்கம் அதுவே. ரகுண்டி ஏறும் வழியில் காண வாய்ப்பு மிகுதி என்று வழிகாட்டியும் சொல்லியிருந்தார்.

நான்காம் நாள் விடியுமுன் நாங்கள் குடிலுக்கு வெளியே கம்பளி போர்த்தி அமர்ந்தோம். கீழே இருண்ட காட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது. பறவையின் குரலென்று எவரும் சொல்லமாட்டார். தாயைத் தவறவிட்ட ஆட்டுக்குட்டியின் கதறல்போல, நீண்டு, உடைந்து, மறுபடி எழுந்தது. மாமா கண்ணை மூடிக் கேட்டார். மூன்று முறை, நான்கு முறை கூவிற்று. பின் வெளிச்சம் வந்தது, குரல் நின்றது.

காலை உணவுக்கு இரவை உப்புமா. வழிகாட்டி உண்ணாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அனைவரும் மாமாவின் தட்டைப் பார்த்தோம், அது காலியாகியிருந்தது. வழிகாட்டியோ மருமகனின் தட்டைப் பார்த்தார். அவன் கரண்டியால் உப்புமாவை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். பின் எழுந்து காலணியின் கயிற்றைக் கட்ட முயன்றான். முடிச்சு இரண்டு முறை நழுவியது. வழிகாட்டி அவனை அழைத்து, தரையில் கிடந்த பலகையின் விளிம்பைக் காட்டி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி அடி மேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். தன் வாழ்நாள் முழுதும் பந்தாடிய பிள்ளை, ஐந்தாவது அடியில் தள்ளாடிக் கையை விரித்தான்.

"ஒன்றுமில்லை மாமா, இரவு தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான்" என்றான்.

"தலை வலிக்கிறதா?"

அவன் சிறிது நேரம் கழித்து, "நேற்று மாலையிலிருந்து" என்றான். இரவில் இருமுறை வெளியே சென்று வாந்தியெடுத்ததையும் அப்போதுதான் சொன்னான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவன் மாமாவின் குறிப்பேட்டைப் பார்த்தான். "மூன்று இரவு என்று எழுதியிருந்தீர்களே" என்றான்.

எங்களுள் ஒருவர், நண்பகல்வரை பார்க்கலாமே என்றார். மாத்திரை இருக்கிறதே என்றார் மற்றொருவர். மருத்துவர் சொன்னதை ஆறு மாதம் முன்பு கேட்டுத் தலையசைத்தவர்களே இவ்வாறு பேசினோம். வழிகாட்டி எவருக்கும் மறுமொழி கூறவில்லை. அடுப்பை அணைத்தார், சுமை தூக்குவோரை அழைத்தார், பையனின் பையைத் தாமே தோளில் மாட்டினார். மாமா எழுந்து, ஒரு சொல்லும் பேசாமல், தம் உறங்கு பையைச் சுருட்டத் தொடங்கினார். அத்துடன் விவாதம் முடிந்தது.

அவ்விறக்கத்தைப் போன்ற நெடும்பகலை நாங்கள் கண்டதில்லை. ஒருவர் பையனின் முன்னும் ஒருவர் பின்னும் செல்ல, வழிகாட்டி அவன் முழங்கையைப் பற்றியவாறு இறக்கினார். அரைமணிக்கு ஒருமுறை அவனுடைய பெயரையும், நாளையும், தாயாரின் பெயரையும் கேட்பார், அவன் சரியாகச் சொல்வான், மறுபடி நடப்போம். மாமா அவனுடைய தாய்க்கு என்ன சொல்வதென்று எண்ணிக்கொண்டே இறங்கியதாகப் பின்னர் எங்களிடம் கூறினார். மொனால் என்னும் பொன்வண்ணக் காட்டுக்கோழி ஒன்று பாதையின் குறுக்கே பறந்து சென்றது. எவரும் படமெடுக்கவில்லை. பாதி வழிக்குக் கீழே வந்தபோது பையன், "தண்ணீர் வேண்டும்" என்று தானாகக் கேட்டான். இன்னும் கீழே, பசிக்கிறது என்றான். ரோல்லாவில் ஆற்றின் ஓசை கேட்டபோது தலைவலி பெருமளவு விட்டிருந்தது. இரவு அவன் இரண்டு தட்டு அவலும் புளிக்காய்ச்சலும் உண்டான். வீட்டிலிருந்து அதற்கு எழுதி அனுப்பிய நாள் அது அன்று. வேறு நாளுக்குரிய பொட்டலத்தை உடைத்தோம்.

மறுநாளும் ரோல்லாவிலேயே தங்கினோம். கையிருப்பு நாள் அவ்வாறு செலவாயிற்று. பையன் நலமாக ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தான். பஞ்சாரில் மருத்துவமனை உண்டு, இறங்கியவுடன் காட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம், அவ்வாறே காட்டினோம்.

அன்று மாலை மாமா குறிப்பேட்டை எடுத்து, இந்தி அறிந்தவரை அருகில் அழைத்து, வழிகாட்டியிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். ரோல்லாவுக்கும் ஷில்ட்டுக்கும் நடுவே ஓர் இரவு தங்க இடம் உண்டா?

வழிகாட்டி சிரித்தார். "ஆடுகளோடு போனபோது நாங்கள் ஒரே நாளில் ஏறியதே இல்லை. ஆடு மேய்ந்து மேய்ந்துதான் ஏறும். நான்கு நாளாகும், ஐந்து நாளாகும். யாருக்கும் தலை வலித்ததில்லை" என்றார்.

"இதை முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றார் மாமா.

"நீங்கள் தேதிகளோடு வந்தீர்கள், குருஜி."

மாமா எழுதுகோலின் மூடியைக் கழற்றினார். பழைய அட்டவணையின் குறுக்கே ஒரு கோடிட்டார். பின்பு புதிய பக்கத்தைத் திருப்பி, குறிப்பேட்டை வழிகாட்டியின் பக்கம் நகர்த்தி, ஆடுகள் எங்கெங்கே தங்கின என்று வரைந்து காட்டும்படி கேட்டார்.